கறக்க ஆளில்லை

"கேட்டைத் திறங்க! இல்லேன்னா உடைச்சுடுவோம்!"

பால் பண்ணை வாசலில் நாற்பது ஐம்பது பேர். எல்லாருக்கும் முன்னால் கையை ஓங்கிக்கொண்டு நின்றது, பண்ணைக்காரரின் மச்சான். வேறு யாராவது என்றால்கூடப் பரவாயில்லை. பெண்டாட்டியின் கூடப் பிறந்த அண்ணன்!

"வெளிநாட்டுக்காரனே வெளியேறு!" தொண்டை கிழியக் கத்தினார் அவர்.

வெளிநாட்டிலிருந்து வந்து மாடு கறக்கும் நாலு பேரும் தீவனக் கிடங்குக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கறவை நேரம் தாண்டிவிட்டது. மடி கனத்த மாடுகள் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"மச்சான், இவங்க போயிட்டா யாரு கறப்பா? பால் கட்டிக்கிட்டா மடியே வீணாப் போயிடும்" என்று கெஞ்சினார் பண்ணைக்காரர்.

"ஏன் மாப்பிள்ளே, நம்ம ஊர்ல ஆளா இல்ல? நம்ம சோத்துல மண்ணை அள்ளிப் போட இவனுங்கதான் வேணுமா?"

"கூப்பிட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தன் வந்தான். சாணி நாத்தம்னு மத்தியானமே கிளம்பிட்டான்."

கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து ஜன்னலை உடைத்தது.

"யாரும் கை வைக்காதீங்க!" மச்சான் முன்னால் பாய்ந்தார். "நானே என் வேன்ல ஏத்திட்டுப் போய் பார்டர்ல தள்ளிட்டு வரேன். பொறுப்பு என்னுது!"

கூட்டம் கைதட்டியது. நாலு பேரும் தலையைக் குனிந்தபடி வேனில் ஏறினார்கள்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா? கூடப் பிறந்தவ வயித்துல அடிச்சுட்டியே! இனிமே என் வாசப்படி மிதிக்காதே!" தங்கச்சிக்காரி கத்தித் தீர்த்தாள். அவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வாளியோடு கொட்டகைக்கு ஓடினார்கள். மூணாவது மாட்டுக்கே விரல் மரத்துப்போனது. நாலாவது, புதுக் கை பட்டதும் விட்டது ஓர் உதை. பண்ணைக்காரர் சாணியில் போய் உட்கார்ந்தார். மிச்ச மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன.

அவள் செல்போன் அடித்தது. அண்ணன்.

"கத்தாம கேளு. நாலு பேரும் பத்திரமா என்கிட்டதான் இருக்காங்க. நான் அப்படிக் கூவலேன்னா உயிரோட கொண்டாந்திருக்க முடியுமா?"

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணே! உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே... நீ நல்லா இருக்கணும்! சீக்கிரம் அனுப்புண்ணே, மாடு துடிக்குது."

"அவசரப்படாதே. ரெண்டு மூணு நாள் ஆகும்."

"ஏண்ணே, ஊர் அடங்கட்டும்னா?"

"ஊர் கிடக்குது! என் தோட்டத்துல தக்காளி பழுத்து வெடிக்குது. பறிக்க நம்ம ஊர்ல ஒரு பய வரமாட்டேங்கிறான்!"