திருட்டுச் சட்டி

“எல்லாரும் வந்து பாருங்க. இந்தக் காராமணித் தின்னி வடை சுடுற சட்டி என்னோடது. திருடி வச்சிருக்கா.”

மாலி நாட்டின் பமாக்கோ சந்தையில் நமோரி கெய்ட்டா காலையிலிருந்து இப்படிக் கத்திக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில் பெரிய வடைக்கடை அவனுடையது. சித்தான் குலிபாலிக்கு அன்றுதான் முதல் நாள் கடை. சாயங்காலத்துக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால், சந்தைக் குழு அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடும்.

கெய்ட்டா வம்சத்துக்கும் குலிபாலி வம்சத்துக்கும் கேலி முறை. காராமணித் தின்னி, திருடி என்று என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. சித்தானும் கோபப்படவில்லை.

“கெய்ட்டா வம்சமே எங்க வீட்டு வேலைக்காரங்கதானே. வாயை மூடிக்கிட்டுத் தண்ணி கொண்டா.”

அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். வந்து இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். பாதி மாவை இவள் பச்சையாகவே தின்றுவிட்டாள் என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய கடை சின்னக் கடையை விழுங்குவதை எதிர்த்து இதே சந்தையில் துண்டறிக்கை கொடுத்துச் சிறைக்குப் போனவன் நான். பழைய வழக்கமெல்லாம் முதலாளி போர்த்திக்கொள்ளும் போர்வை என்று எழுதியவன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. குலிபாலிகள் அவள் பக்கம், கெய்ட்டாக்கள் இவன் பக்கம். ஒரே சிரிப்பு. ஏச வந்தவன், ஏச்சு வாங்க வந்தவன் எல்லார் கையிலும் வடை.

நான் நமோரியின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

“பொம்பளைய நடுச்சந்தையில திருடிங்கிறியே, வெக்கமா இல்ல? போய் உன் கடையில வடையைச் சுடு.”

“எதுல சுடறது, தோழரே?”

எதிரே பார்த்தேன். அவன் அடுப்பு எரியவில்லை. அடுப்பின் மேல் சட்டியும் இல்லை.

சித்தானின் சட்டி முந்தின நாள் ஓட்டையாகிவிட்டதாம். யாரிடமும் இரவல் கேட்கிற ரகமில்லை அவள். கேலி முறைக்காரன் கொண்டுவந்து வைத்தால் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவும் முடியாது. விடிகிற நேரத்தில் நமோரி தன் சட்டியை அங்கே வைத்துவிட்டான்.

கூட்டத்துக்குத் திரும்பிப் போகும்போது நமோரி சொன்னான்:

“இன்னிக்குக் கத்தினதுல சட்டி என்னோடதுங்கிறது ஒண்ணுதான் நிஜம். அதைத்தான் ஒருத்தனும் நம்பல.”