பொதுச்சுவர்

"அந்த மெஷினை முதல்ல நிறுத்து! இன்னொரு ஓட்டை போட்டே, நடக்கறதே வேற!"

யோரிஸ் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கோடலீவா, சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் அறைக்குள் வந்து நின்றாள். கதவைத் திறந்துவிட்ட அவன் மனைவி ஹில்டே, 'நான் என்ன செய்ய?' என்பதுபோல் பின்னால் கையை விரித்தாள்.

கெந்த் நகரில் அந்தத் தெரு முழுக்க ஒட்டுவீடுகள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கத்து முன்னறையை யோரிஸ் சினிமா அறையாக மாற்றிக்கொண்டிருந்தான். எந்த ஸ்பீக்கர் எங்கே என்று தரையில் நீல டேப்பால் கட்டம் போட்டிருந்தான். திரை வரப்போகும் இடத்திலிருந்து கிளம்பிய ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பொதுச்சுவரை ஒட்டி மரச்சட்டங்கள், பலகைகள், பெரிய பெரிய பொதிகள். குளிர்காலம் முழுக்க வரைந்து வரைந்து அழித்த திட்டம்.

"சனிக்கிழமை மத்தியானம் மேடம். என் வீட்டுல வேலை பார்க்க எனக்கு உரிமை இருக்கு."

"உரிமையா? காலையில வேன்லேருந்து நீ இறக்கினதை ஜன்னல் வழியா பார்த்தேன். அப்பவே வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. சுவர் உனக்கு மட்டும் சொந்தமா? அந்தப் பக்கம் மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சியா?"

யோசிச்சியாவா! யோரிசுக்குச் சுருக்கென்று ஏறியது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் செய்ததெல்லாம் அது ஒன்றுதான். வந்த முதல் வாரமே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் டொக் டொக் என்று தட்டல். அன்றிலிருந்து எந்தப் படமும் தட்டல் இல்லாமல் முடிந்ததில்லை. மகள் லீன் வாய்விட்டுச் சிரித்தால் இவனே அவள் வாயைப் பொத்துவான்.

ஏணியிலிருந்து தடதடவென்று இறங்கினான்.

"சொந்த வீட்டுல திருடங்க மாதிரி படம் பார்க்கறோம் மேடம்! சுவத்துல தட்டினா உடனே சத்தத்தைக் குறைக்கறோம். குறைச்ச அப்புறமும் தட்டினா என்ன அர்த்தம்?"

"குறைச்ச அப்புறமும் தட்டினா, அப்பவாவது மண்டையில ஏறியிருக்க வேணாமா?"

"இன்னும் எவ்வளவுதான் குறைக்கறது? ஊமைப் படமா பார்க்கச் சொல்றீங்க?"

கோடலீவா தொங்கிய ஒயர் ஒன்றை விரலால் தட்டினாள்.

"இது எங்க போகுது?"

"எதிர்ச் சுவத்துக்கு."

"இது?"

"சோபாவுக்குப் பின்னால."

"எல்லாம் அந்தக் கோடிக்கே போகுதா? இந்தச் சுவர் என்ன பாவம் பண்ணிச்சு?"

"நக்கலா?" யோரிஸ் கத்தினான். "ரெண்டு சுவத்துலயும் ஒரே மாதிரி மாட்டினாத்தான் சத்தம் சரியா சுத்தி வரும். உங்க தொல்லைக்குப் பயந்து இந்தப் பக்கத்து ஸ்பீக்கரை ஸ்டாண்டுல நிறுத்தறேன். அதுலயும் குத்தமா?"

"மேடம், உட்காருங்க. காப்பி போடறேன்..." என்று ஹில்டே இடையில் புகுந்தாள்.

"உன் காப்பிக்காக நான் வரல!"

"காப்பியும் வேணாம், சமாதானமும் வேணாம்!" என்று யோரிஸ் வெடித்தான். "உங்க வீட்டுக்காரர் ஒரு நாளாவது வந்து இப்படிக் கத்தியிருக்காரா? அவர் நல்ல மனுஷன். அடுத்தவங்க சிரிச்சா உங்களுக்குத்தான் பொறுக்கல!"

"யோரிஸ்!" என்று ஹில்டே அதட்டினாள்.

அந்த வீட்டுக்காரரை அவன் பார்த்ததே இல்லை. அழைப்பு மணிக்கு மேலே 'ரெமி' என்ற பெயரைப் படித்ததோடு சரி. ஆனால் சொன்ன சொல் எங்கோ ஆழமாகத் தைத்துவிட்டது. கோடலீவாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்தும் யோரிசுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கையில் இருந்த கடைசி அஸ்திரத்தையும் வீசினான். சுவரோரம் கிடந்த பொதி ஒன்றைக் காலால் முன்னே தள்ளினான்.

"இது என்ன தெரியுமா? சத்தத்தைக் குடிக்கற பஞ்சு! சுவர் பூரா சட்டம் அடிச்சு, இதைத் திணிச்சு, மேல பலகை போட்டு மூடப்போறேன். யாருக்காக? உங்களுக்காக! இனிமே இங்க யானை பிளிறினாலும் அங்க ஒரு சத்தம் வராது. போதுமா?"

இதற்கு மேல் அவள் என்ன பேசிவிட முடியும்? தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான். போகவில்லை. அந்தப் பஞ்சுப் பொதியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். கோபம் குறையாத குரல்தான். ஆனால் நடுவே உடைந்தது.

"பஞ்சுன்னு தெரிஞ்சுதான்டா ஓடி வந்தேன். பக்கவாதம் வந்ததுலேருந்து ரெமி அந்தச் சுவத்தோரமாத்தான் படுத்திருக்காரு. எங்க டிவியைப் போட்டா அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டறாரு. உங்க வீட்டுப் படம், நடுவுல உன் பொண்ணு சிரிக்கறது, யாரு சிப்ஸைத் தின்னதுன்னு நீ கத்தறது, இதுக்குத்தான் அந்த மனுஷன் காது கொடுத்துக் காத்துக் கிடக்கறாரு. அது கேக்கலேன்னாத்தான், கூட்டி வைக்கச் சொல்லிச் சுவத்துல தட்டறாரு. இதை வெச்சு நீ அடைச்சுட்டா, அவரு இனிமே யாரோட சேர்ந்து படம் பார்ப்பாரு?"