எதிர் நாற்காலி

பக்கவாதம் வந்தபின் அம்மாவுக்கு முகங்கள் நேர் எதிரே இருந்தால்தான் அடையாளம் தெரியும். சற்றே திரும்பினாலும் மகள் ஹெஸ்டரே யாரோ ஆகிவிடுவாள்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு, நெதர்லாந்தின் ஸ்வோல நகரத்து வீட்டுக் கூடத்தில் ஹெஸ்டர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். வருபவர்கள் வட்டத்தைச் சுற்றிவந்து வீட்டார் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம். அம்மாவுக்கு எதிர் நாற்காலியில் தன் கேக் தட்டை வைத்து இடம்பிடித்துவிட்டு, காபி எடுக்கப் போனாள். விருந்தினர் எவரும் இன்னும் வரவில்லை.

திரும்பியபோது அம்மா அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் திரும்பினாலும் இன்னிக்கு உன்னைத் தெரியுதுடி, ஹெஸ்டர்!"

ஹெஸ்டர் ஓடிவந்து அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அம்மா, நான் இங்க இருக்கேம்மா. என்னைப் பாரும்மா!"

"நகரும்மா, என் பொண்ணை மறைக்காதே. வர்றவங்க அவளுக்கும் வாழ்த்துச் சொல்லணும்ல?"

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். கேக் பாதிதான் இருந்தது. சிறுவயது முதல் அவள் ஒதுக்குவதுபோலவே, உலர்திராட்சைகள் தட்டின் விளிம்பில் வரிசையாக இருந்தன.