வேஷத்துக்கு ஒரு சாட்டை

"வேஷத்துக்குத்தான் அக்கா. இடுப்புல தொங்கினாப் போதும், அடிக்கப் போறதில்லை. சல்லிசா ஒரு தோல் சாட்டை குடுங்க."

மர முகமூடிக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது. தோல் சாமான் கடையில் உட்கார்ந்திருந்த பெர்லிதா நிமிர்ந்தாள். ரோமானியச் சிப்பாய் வேஷம். வரைந்த தாடி, உருட்டி விழிக்கும் கண்கள், தலைக்கவசத்தில் காகிதப் பூக்கள். புனித வாரத்தில் போவாக் ஊர்ச் சந்தை முழுக்க இந்தச் சிப்பாய்கள்தான். நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டியவர்கள். உயிர்த்த ஞாயிறு வரை முகமூடியைக் கழற்ற மாட்டார்கள், பேரைச் சொல்ல மாட்டார்கள். யாரென்று கேட்பதும் பாவம்.

போன வருஷம் அப்படிக் கேட்காமல் விட்டதில்தான், ஒரு முகமூடிக்காரன் அவள் அசந்த நேரம் பார்த்துக் கடைக்குள் குனிந்து, கணவன் இசித்ரோ மேசைக்கு அடியில் கட்டிப் போட்டிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்ன அடையாளம் சொல்வது? ஓடினவனைப் பிடிக்க வந்தவனுக்கும் அதே முகம்.

காசுப் பையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வேஷத்துக்குன்னா ரெக்சினே போதுமே. எரநூறு பெசோ."

"ரெக்சின் வெயில்ல பல்லை இளிச்சிடும்க்கா. தோல்தான் வேணும்."

"தோல்னா எண்ணூறு."

"அடேயப்பா! மாட்டையும் சேர்த்துக் குடுப்பீங்களா?"

"குடுப்பேன். ஓட்டிட்டுப் போக சாட்டை தனியா வாங்கணும்."

பக்கத்துக் கடையில் அரிசிப் பலகாரம் விற்கும் கோரிங் சத்தமாகச் சிரித்தாள். பிறகு தலையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டி, "அவன் கையை மட்டும் பார்த்துக்கிட்டே இரு" என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: "உன் வீட்டுக்காரன் இன்னிக்கும் வரலையா? மூணு நாளா பக்கத்து ஊர் காசான்ல கூரை வேயறானாம்! அப்படி எந்த மாளிகைக் கூரை? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா."

இந்த மூன்று நாளாக பெர்லிதாவைத் தூங்க விடாததும் அதே கேள்விதான். காசானில் யார் வீடு?

சிப்பாய் கொஞ்சம் குனிந்தான். "மேசைக்கு அடியில தகரப் பெட்டியில தையல் பிசகினது வெச்சிருப்பீங்களே. அதுல ஒண்ணு எடுங்கக்கா. விலை குறையும்."

அவள் கை அப்படியே நின்றது. பிசகின சரக்கு இருக்கும் இடம் அவளையும் இசித்ரோவையும் தவிர யாருக்குத் தெரியும்?

பெட்டியை இழுக்கிற சாக்கில் அவளும் குனிந்தாள். அப்போதுதான் அவன் கால் கண்ணில் பட்டது. செருப்பின் குதிகால் ஓரத்தில் சிவப்பு நூல் தையல். விற்கிற செருப்புக்கெல்லாம் இசித்ரோ கறுப்பு நூல்தான் போடுவான். சிவப்பு, தன் காலுக்கு மட்டும்.

கூரையாம், காசானாம்! ஜனவரியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக் கோயிலில் போய் முட்டி போட்டவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். என்ன நேர்ந்துகொண்டாய் என்று அவள் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்?

கட்டின பெண்டாட்டியை அக்கா என்கிறானே! சிரிப்பை அடக்கிக்கொண்டு, லேசாகத் தூண்டில் போட்டாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

முகமூடி ஒரு கணம் அசையவில்லை. "அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. நேர்த்திக்கடன்."

"ஆமாமா. நான் எதுவும் கேக்கலை."

பெட்டியைத் திரும்பத் தள்ளிவிட்டு, மேலே கொக்கியில் தொங்கிய எட்டுப் பிரிச் சாட்டையை எடுத்தாள். கடையிலேயே உயர்ந்த சரக்கு.

"இந்தாங்க. காசு வேண்டாம்."

சிப்பாய் ஓரடி பின்வாங்கினான். இப்போது சந்தேகம் அவன் பக்கம் போயிருந்தது. "எதுக்குக்கா?"

"பிடிங்கன்னா பிடிங்க. வேஷம் போட்டா ஒழுங்காப் போட வேண்டாமா?" மடியிலிருந்த பையையும் அவன் கையில் திணித்தாள். "இதையும் வெச்சுக்கோங்க. இந்தக் கூட்டத்துல திருட்டுப் பசங்க ஜாஸ்தி. உங்ககிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

மரக்கண்கள் அவளையே பார்த்தன. பையைப் பிடித்த விரல்கள் தயங்கின. பிறகு மூடிக்கொண்டன.

"ஆண்டவர் உங்களை நல்லா வெச்சிருக்கணும்க்கா."

"போங்க, போங்க. அடிக்கடி தண்ணி குடிங்க."

சாட்டை இடுப்பில் ஆட, சிப்பாய் கூட்டத்தில் கலந்தான். கோரிங் வாயைப் பிளந்தபடி நின்றாள். "யாருடி அது?"

"கேக்காதே. பாவம்."

சந்தை கலைகிற நேரத்துக்கு, காசான் ஜீப்பிலிருந்து இசித்ரோ இறங்கி வந்தான். முழங்கை வரைக்கும் கூரை ஓலை கீறிய கோடுகள், தலைமுடியில் ஓலைத் தும்பு.

"ஒருவழியாக் கூரை முடிஞ்சுது. ஒரு வாய் சோறு இருக்கா?"

பெர்லிதாவின் பார்வை அவன் காலுக்குப் போனது. குதிகால் தேய்ந்த பழைய செருப்பு. ஓரத்தில் சாயம் போன சிவப்பு நூல்.

"ஏங்க... சிவப்பு நூல் போட்டது இந்த ஒரு ஜோடிதானே உங்களுக்கு?"

"இப்ப இது ஒண்ணுதான்" என்றான் இசித்ரோ, கையைக் கழுவிக்கொண்டே. "புதுசாத் தெச்சதைத்தான் போன வருஷம் அந்தப் பாவி மூட்டையோட தூக்கிட்டுப் போயிட்டானே."