ஜெசிந்தா கொண்டுவந்த புல்

எந்த வீட்டுக் கடற்புல் பாத்தியில் உயிர்கள் அதிகமோ, அந்த வீட்டுக்குத்தான் மீன்பிடி அனுமதி. ஆய்வுக்கு வரும் கருவி புல்லைப் பார்க்காது, உயிர்களை மட்டும் எண்ணும். சோம்பேறித்தனத்தில் பிளாஸ்டிக் புல் நட்டிருந்தேன். ஒரு நத்தைகூட அண்டவில்லை. ஆய்வுக்கு முந்தின நாள், பக்கத்துப் பாத்தியில் ஜெசிந்தா மூன்று வருடம் வளர்த்த புல்லை உலுக்கி, நத்தை, இறால்குஞ்சு எல்லாவற்றையும் வலையில் அள்ளி என் பாத்தியில் விட்டேன். அனுமதி எனக்கே கிடைத்தது.

மறுநாள் ஜெசிந்தா வேரோடு பிடுங்கிய புல்லைக் கூடை நிறையக் கொண்டுவந்தாள்.

"மதினி, எம் பாத்தி உசுரெல்லாம் ஒங்க பக்கம் வந்துருச்சு போல. பழகின புல்லு இல்லாம அதுக தவிக்கும். இதையும் நட்டுருங்க."

அன்று காலையிலேயே அந்த உயிர்களெல்லாம் செத்துக் கரை ஒதுங்கியிருந்தன. கூடையை வாங்கிக்கொண்டேன்.