பன்னீர் ஊற்றிய தொட்டி

சிறப்பு விருந்தினர் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தார். இன்னொரு கண்ணைப் புகைப்படக்காரருக்கு ஒதுக்கினார்.

“ஆகா! என்னமா நீந்துது!”

நிலைய இயக்குநர் ஆரோக்கியஜோசப்பும் குனிந்து பார்த்தார். “ஆயிரக்கணக்குல இருக்குங்கய்யா” என்றார்.

காரைக்கால்மேடு சிப்பிப் பொரிப்பகத்தின் ஆண்டு விழா அது. முன்வரிசை நாற்காலிக்காகப் பந்தலில் ஏற்கெனவே இரண்டு சண்டை நடந்து முடிந்திருந்தது.

தூசியைவிடச் சிறிய விசிறிச் சிப்பிக் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்து பதினெட்டு நாள். இன்று காலைதான் ஒவ்வொன்றிலும் கண்ணாக ஒரு கரும்புள்ளி விழுந்திருந்தது. இனி நீந்துவதை விட்டு, எதையாவது பற்றி உட்காரும். அதுவரை சோப்பு வாசனை பட்டாலும் செத்துவிடும்.

அதனால்தான் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் பொரிப்பகத் தொழிலாளி அஞ்சுகம் பதினெட்டு நாளாகப் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. தங்கை கல்யாணத்தில் சந்தனம்கூடத் தொடவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசித் தண்ணீர் ஊற்றினாள். அழைப்பிதழில் பதினோரு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

“மங்களகரமா ஒண்ணு செஞ்சுடுவோம்” என்ற விருந்தினர், யாரும் தடுப்பதற்குள் வெள்ளிச் செம்புப் பன்னீரை முழுசாகத் தொட்டியில் கவிழ்த்தார்.

கைதட்டல்.

இயக்குநரும் தட்டினார். தட்டத் தட்ட முகம் வெளுத்தது. கார்கள் கிளம்பியதும் அஞ்சுகத்திடம் ஓடினார்.

“எல்லாம் போச்சே, அஞ்சுகம்!”

“ஒண்ணும் போவல சார். அந்தத் தொட்டியில வெறும் கடல் தண்ணிதான். குஞ்சுங்கள காலையிலயே மாத்திட்டேன். போன வருஷம் வந்தவரு பால் ஊத்துனாருல்ல?”

போன வருடக் குஞ்சுகள் செத்ததற்கு வெப்ப அலையே காரணம் என்று அறிக்கை எழுதியவர் இயக்குநர்தான்.

பம்பு அறையில் மூன்று நீல டிரம்கள், உள்ளே குஞ்சுகள். மேலே, சோப்பு படாமல் வெறுந்தண்ணீரில் அலசிய அவளுடைய பழைய சேலை. இயக்குநர் நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு அந்த முகம் மெல்ல மாறியது.

“அப்ப மைக்ராஸ்கோப்புல…”

“அதுவும் அந்தத் தொட்டித் தண்ணிதான் சார். நான்தான் சொட்டு வெச்சேன்.”

அவள் டிரம்கள் பக்கம் திரும்பினாள். பழைய வலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக டிரம்முக்குள் இறக்கினாள்.

குஞ்சுகள் உட்காரத் தொடங்கின. முன்வரிசை கேட்காமல்.