முழங்கால் பட்ட சத்தம்

காலை வெயில் உடற்பயிற்சிக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக ரப்பர் விரிப்புகளின் மேல் சாய்வாக விழுகிறது. முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நிறுத்தியிருக்கிறோம், பன்னிரண்டு பேர். ஒருவர் முழங்கால் தரையில் பட்டாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். என் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து என் முழங்கால் தொப்பென்று இறங்கிவிடுகிறது. "யாரது?" என்கிறார். ஐம்பது நொடி பட்ட பாடு எல்லோருக்கும் வீண். பின்வரிசையில் எங்கள் தெருத் தபால்காரர் முனகுகிறார். நான் முழங்காலை மெல்லத் தூக்கிக்கொள்கிறேன். பக்கத்து விரிப்பில் என் மனைவி. எனக்குத் துணைக்கென்று வந்து சேர்ந்தவள். "நான்தான் மாஸ்டர்," என்கிறாள், என்னைப் பார்க்காமலே. நான் செய்யும் தப்புகளுக்கு என் அப்பாவிடமும் இப்படித்தான் சொல்வாள். மறுபடியும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை தொடங்குகிறது. இந்த முறை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் தோள்கள் நடுங்குகின்றன. காதோர முடி ஈரமாகக் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. நாற்பதாவது நொடியில் அவள் முழங்கால் உண்மையாகவே தரையைத் தொடுகிறது. "திரும்பவும் நீங்கதானாக்கா? வீட்டுக்காரரப் பாருங்க, எப்படி நிக்கிறாரு!" என்கிறார் மாஸ்டர். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். முதுகு கொஞ்சமும் வளையாமல் நான் விரிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.